மேற்கே திரும்பிய டிஷ்

எங்கள் கேபிள் டி.வி. கண்ட்ரோல் ரூமுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இவ்வளவு பெரிய டிஷ் என்னத்துக்கு? எங்க வீட்டு மாடியில இருக்கதுல படம் வராமலா இருக்கு?" நானும் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டு மாடியில் இருப்பது ஒரே ஒரு சாட்டிலைட்டைப் பார்த்து ஆணி அடித்தது மாதிரி நிற்கும். இது திரும்பும். அடியில் ஒரு மோட்டார், அதிலிருந்து நீளும் ஓர் இரும்புத் தண்டு. அறைக்குள் இருக்கிற பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் தண்டு நீளும், இன்னொன்றை அழுத்தினால் உள்ளே போகும். பன்னிரண்டடி டிஷ் கிழக்கிலிருந்து மேற்குவரை பையப் பைய நகரும். வானத்தில் வரிசையாக நிற்கிற சாட்டிலைட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் தன் ஃபோனை எடுத்திருப்பார்.

அருமனையிலிருந்து உள்ளே போகிற சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மேட்டின் மேல் இருக்கிறது எங்கள் அறை. அறை என்றால் அறைதான். ஒரு மேசை, ஒரு நாற்காலி, பழைய டி.வி. ஒன்று, சுவர் முழுக்கப் பெட்டிகள், அந்தப் பெட்டிகள் சூடாகாமல் இருக்க ஓர் ஏ.சி. ஏ.சி. பெட்டிகளுக்குத்தான், எனக்கு இல்லை என்று முதலாளி முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். வெளியே அசையாத டிஷ்கள் ஏழெட்டு நிற்கின்றன. சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குப் போகிற தமிழ், மலையாளச் சானல்களெல்லாம் அவற்றில் வருபவை. மோட்டார் டிஷ் தேடுவதற்கு. ஏதாவது சானல் ஒரு சாட்டிலைட்டை விட்டு இன்னொன்றுக்கு மாறினால், புதிதாக ஒன்று தொடங்கினால், இதைத் திருப்பித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தபின் அதற்கென்று வேறொரு டிஷ்ஷை நிறுத்திவிடுவோம். மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான் அதற்கு வேலை. மற்ற நாள் முழுக்க அதுவும் சும்மா, நானும் சும்மா.

என் மனைவி குவைத்தில் நர்ஸ். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் போனாள். "ரெண்டு வருஷம் பாப்போம்" என்று சொல்லித்தான் போனாள். எங்கள் பக்கத்தில் இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனவர்கள் எத்தனை வருஷம் கழித்து வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். வீடு கட்டினோம், அவளுடைய தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, என் அம்மாவின் வைத்தியம் நடந்தது, அம்மாவும் போனாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அவள் திரும்பி வரவேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கடனெல்லாம் தீர்ந்தபின் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்தக் கதை.

ஃபோன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அவள் தங்கியிருந்த ஆஸ்பத்திரி விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர். எந்த நேரம் பார்த்தாலும் இரண்டு பேர் இரவு டியூட்டி முடித்து உறங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் இவள் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு குசுகுசுவென்றுதான் பேசுவாள். கேமராவைப் போடச் சொன்னால், "வேண்டாம், பிள்ளைகளு ஒறங்குது, நைட்டியில கெடக்குது" என்பாள். நியாயம்தானே. அவள் கட்டில் எப்படி இருக்கும், சன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்பதெல்லாம் எனக்குக் கடைசிவரை தெரியாது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீங்க?" "ஆச்சு." "என்ன கறி?" "மீனு." "செரி." இதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். வைத்தபின் வீட்டில் எழுகிற நிசப்தம் இருக்கிறதே, அதை எதிரிக்குக்கூடக் கொடுக்கக்கூடாது.

டிஷ்ஷை முதன்முதலாக மேற்கே கொண்டுபோனது வேலைக்காகத்தான். ஒரு மலையாளச் சானல் இடம் மாறிவிட்டது என்று தேடிக்கொண்டு போனேன். அது கிடைத்துவிட்டது. சரி, இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போமே என்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். தண்டு கிட்டத்தட்ட அதன் எல்லைவரை போய்விட்டது. டிஷ் பக்கத்துத் தோட்டத்து ரப்பர் மரங்களை முட்டுவதுபோல் சாய்ந்து நின்றது. டி.வி.யில் முதலில் வெறும் புள்ளிகள். பிறகு சட்டென்று ஒரு படம். வெள்ளை அங்கியும் தலைத்துணியுமாக ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. மூலையில் இருந்த கொடியைப் பார்த்ததும்தான் புரிந்தது. ஆண்டவா, இது குவைத்!

நாற்காலியை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அகலமான சாலைகள், கண்ணாடிக் கட்டடங்கள், பூச்செடி வைத்த தெருக்கள். இந்தத் தெருவில்தான் நடப்பாளோ, இந்தக் கடையில்தான் வாங்குவாளோ என்று ஒவ்வொரு படத்துக்கும் நினைத்தேன். அன்றைக்குப் புழுதிக்காற்று அடித்தது அங்கே. ஊரே மஞ்சளாக இருந்தது. சாயங்காலம் அவள் கூப்பிட்டபோது, "அங்க இன்னைக்குப் பொடிக்காத்தாக்கும்?" என்று கேட்டேன்.

"ஏய், நீங்க எப்படி அறிஞ்சிய?" அவள் குரல் போர்வைக்கு வெளியே வந்துவிட்டது. யாரோ அதட்டியிருக்க வேண்டும், உடனே தாழ்ந்தது. "சொல்லுங்க, எப்படி அறிஞ்சிய?"

"டிஷ்ஷுல பாத்தேன். உனக்க ஊரு இங்க தெளிவாட்டுத் தெரியுவு."

அவள் சிரித்தாள். நிறைய நாளுக்குப் பின் கேட்ட சிரிப்பு. அதற்காகவே மறுநாளும் திருப்பினேன்.

அதற்குப்பின் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டிஷ் மேற்கே போய்விடும். முதலாளிக்குத் தெரியும். "மோட்டாருக்குத் துரு பிடிக்காம ஓடட்டும்" என்றார். இடையில் கரண்ட் போனால்தான் பாடு. அந்தப் பெட்டிக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது மறந்துபோகும். தண்டை ஒரு கோடிவரை ஓட்டிவிட்டு, முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வரவேண்டும். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் எது? ஆனாலும் எனக்கு அலுப்பாக இல்லை. அவளுடைய ஊரைத் தேடிப்போகிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொரு பாடு, பக்கத்துத் தோட்டத்து மரங்கள். குவைத்துக்கான சாட்டிலைட் மேற்கே தாழ்வாக நிற்பது. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை கொழிந்து மரமெல்லாம் குச்சியாக நிற்கும்போது படம் பளிச்சென்று வரும். மாசியில் தளிர் வந்து, பங்குனியில் இலை முற்றிவிட்டால் படம் கட்டம் கட்டமாக உடையும். மழை நாளில் சுத்தமாகப் போய்விடும். ஒருநாள் தோட்டத்துக்காரரிடம் போய், ஒரே ஒரு கொப்பை மட்டும் வெட்டித்தர முடியுமா என்று கேட்டேன்.

"என்னத்துக்கு?" என்றார்.

காரணத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

"ஓய், குவைத்துல இருக்க பெண்டாட்டியப் பாக்கதுக்கு எனக்க மரத்த முறிக்கணுமா? நல்ல கதயாட்டு இருக்கே!" என்று அடிவயிற்றிலிருந்து சிரித்தார். பால்வெட்டுகிறவர்களையும் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பக்கமாகப் போகிறவன் எல்லாம், "அண்ணே, மதினி சொகமா? டி.வி.ல வந்தாவளா?" என்று கேட்க ஆரம்பித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் தோட்டத்துக்காரர் மோசமில்லை. அடுத்த வாரம் அந்தக் கொப்பு தரையில் கிடந்தது. காற்றில் முறிந்தது என்று அவரே வந்து சொன்னார். வெட்டுவாய் வாளால் அறுத்த மாதிரி வழுவழுவென்றிருந்தது.

வருஷங்கள் போகப் போக அந்த ஊர் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. குழித்துறைச் சந்தையில் எந்தக் கடை எங்கே என்று கேட்டால் ஒருவேளை தடுமாறுவேன், குவைத்தில் எந்தச் சாலைக்குப்பின் எந்தச் சாலை வரும் என்பதில் தடுமாறமாட்டேன். எங்கே புதுப் பாலம் திறந்தார்கள், எந்தக் கட்டடத்துக்கு எந்தக் கலரில் விளக்குப் போட்டார்கள், எல்லாம் தெரியும். நாளுக்கு ஒரு தடவை இங்கிலீஷ் செய்தி வரும், அதில் பாதி புரியும். புரிந்ததையெல்லாம் சாயங்காலம் அவளிடம் ஒப்பிப்பேன். "பிள்ளே, அங்க பெரிய நூலகம் ஒண்ணு தொறந்திருக்காவளாம், பளிங்கு மாதிரி இருக்கு." "பிள்ளே, தேசிய தினத்துக்கு வெடி போட்டாவ பாத்தியா?" அவள், "அப்படியா" என்பாள். "ஓ" என்பாள். நம் ஆளுக்குக் களைப்பு என்று நினைத்துக்கொள்வேன். பேச்சு நின்றுபோகாமல் இருக்கிறதே, அதுவே பெரிய காரியம் என்றிருந்தது.

ஆனால் பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஊரின் வெளிச்சத்தையும் சுத்தத்தையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன். வாசலில் இறங்கும்போதே அட்டை காலில் ஏறும். சுவரெல்லாம் மழைப்பாசி. அடுக்களையில் காலையில் வைத்த சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மத்தியானம் வாங்கிய மீன்குழம்பு. அதைத் தட்டில் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவேன், ஒருவனுக்காக யார் உட்கார்ந்து சாப்பிடுவது. அப்போது தோன்றும், அவ்வளவு பெரிய ஊரில் வாழ்கிறவளை இங்கே வா என்று எந்த வாயால் கூப்பிடுவது? வந்து என்ன செய்வாள்? இந்த மழையையும் கொசுவையும் என் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாளா? "வா" என்ற சொல் தொண்டைவரை வரும். பாலம் திறந்ததைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுவேன்.

போன தை மாதம் அவள் லீவில் வந்தாள். இந்தத் தடவை லீவு மட்டுமில்லை. வேலை ஒப்பந்தம் முடியப்போகிறது, தொடர்வதா வேண்டாமா என்று லீவு முடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குச் சொல்லவேண்டும். வந்த அன்றைக்கே சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான், "ஆலோசிச்சு செய்" என்றேன். அறிவாளி மாதிரி. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

லீவு நாட்கள் ஓடின. அவள் முன்னைப்போல் கலகலப்பாக இல்லை. முற்றம் தூப்பாள், துணி அலக்குவாள், பிறகு பின்வாசல் படியில் உட்கார்ந்து இலை கொழிந்த ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாள். என் அக்கா ஒருநாள் களியக்காவிளையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, போகும்போது என்னை வாசலுக்குத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள், "அவளுக்கு அங்கத்த வாழ்க்க பழகிப் போச்சு மக்கா. ஒடம்புதான் இங்க இருக்கு. நீ பிடிச்சு வைக்காத." அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, அந்த ஊர் ஞாபகம்தான் இவளை வாட்டுகிறதென்றால் அதையாவது காட்டுவோம் என்று முடிவு செய்தேன். பார்த்தால் மனசு தெளியும். போகவேண்டுமென்று தோன்றினால் போகட்டும், என்னால் அவளுக்கு ஒரு தடை வேண்டாம். பெரிய தியாகி என்று நினைப்பு. மறுநாள் மத்தியானம், "கண்ட்ரோல் ரூமுக்கு வாறியா? ஒரு காரியம் காட்டணும்" என்றேன்.

"அங்க என்ன இருக்கு காட்டதுக்கு?" என்றாள். ஆனாலும் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

அறைக்குள் வந்ததும் முதலில் மேசையைத் துடைத்தாள். டீ குடித்து அங்கங்கே வைத்திருந்த பேப்பர் கப்புகளைப் பொறுக்கினாள். "இங்கதான் நாள் முழுக்க இருப்பியளா? ஒற்றைக்கா?" என்றாள். நான் நாற்காலியை அவளுக்குப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். வெளியே மோட்டார் முனகியது. அவள் சன்னல் வழியாக டிஷ் திரும்புவதைப் பார்த்தாள். இலையெல்லாம் கொழிந்திருந்த காலம், நடுவில் ஒரு தடையும் இல்லை. படம் கண்ணாடி போல விழுந்தது.

நல்ல நேரம், ஊரைச் சுற்றிக் காட்டுகிற ஒரு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. மேலிருந்து எடுத்த படம். உயரக் கட்டடங்கள், அவற்றைச் சுற்றி வளைகிற சாலை, அதில் எறும்பு வரிசையாகக் கார்கள். நான் டி.வி.யைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். ஏக்கம் தெரியும், அழுவாள், அப்போது என்ன செய்வது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "கொள்ளாம், நல்லா இருக்கு" என்றாள். "இது எந்த ஊரு?"

நான் சிரித்தேன். "பிள்ளே, வெளயாடாத."

"இல்ல, கேட்டியளா, மெய்யாட்டுதான் கேக்கேன். துபாயா?"

"குவைத்து. நீ இருக்க ஊரு" என்றேன்.

அவள் நாற்காலியை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். திரையில் விரலை வைத்து எதையோ தேடினாள். "இதில எங்க ஆஸ்பத்திரி எங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. எல்லாம் தெரிந்த எனக்கு அது மட்டும் தெரியவில்லை. ஒருநாள்கூட அது வந்ததில்லை.

"நீ இந்த ரோட்டுல எல்லாம் போனதில்லியா?"

"எப்படிப் போவ? எங்க பஸ்ஸுக்க சன்னலுக்குக் கறுப்பு ஒட்டியிருக்கும். ஏறினதும் எல்லாரும் ஒறங்கிருவோம். எறங்கினா ஆஸ்பத்திரிக்க பின்வாசலு. திரும்பி ஏறினா ஹாஸ்டலு. ஏர்போர்ட்டுக்குக் கொண்டு விடுததும் அதே பஸ்ஸுதான்."

"லீவு நாளுல?"

"லீவுக்குத் துணி அலக்கணும், ஒரு வாரத்துக்கு உள்ள கறிய வச்சு வைக்கணும், பின்ன ஒறங்கணும். கீழ ஒரு கட இருக்கு, அதில எல்லாம் கிட்டும். என்னத்துக்கு வெளிய போவ?" திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, "வார்டு சன்னலு வழி பாத்தா கார் நிறுத்துத எடம் தெரியும். அதுதான் நான் கண்ட குவைத்து" என்றாள்.

டி.வி.யில் அந்த ஊர் ஓடிக்கொண்டேயிருந்தது. எத்தனை வருஷம் அதில் அவளைத் தேடியிருப்பேன். அவள் அங்கே இருந்ததே இல்லை. நானும் தனியாக இருந்தேன், அவளும் தனியாக இருந்தாள், இரண்டு பேருக்கும் நடுவில் யாருடைய ஊரோ ஒன்று. எனக்குக் கண்ணில் வெள்ளம் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "நான் ஒண்ணு கேட்டா நேர பதில் சொல்லுவியளா?"

"கேளு."

"நான் அங்க இருக்கது உங்களுக்கு அவ்வளவு இஷ்டமா?"

"எனக்கா?"

"பின்ன? நான் எத்தன தடவ, இன்னைக்கு சொல்லிரணும், நான் வேல போதும்னு மதியாக்கிட்டு வாறேன்னு சொல்லிரணும்னு ஃபோன எடுத்திருக்கேன் தெரியுமா? நீங்க பாலத்தத் தொடங்குவிய. கட்டடத்து வெளக்கத் தொடங்குவிய. அந்த ஊரு அப்படி, இந்த ஊரு இப்படின்னு. செரி, இவருக்கு நான் குவைத்துல இருக்கதுதான் பெருமன்னு நெனச்சு வாய மூடிருவேன். போர்வைக்குள்ள கெடந்து அழுவேன். எனக்கு ஆத்திரமா வரும். மனுசன் என்னப் பத்தி ஒரு வார்த்த கேக்கானா? எப்பம் பாத்தாலும் ஊரு, ஊரு!"

"நான் உனக்கு அந்த ஊரு பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்" என்றேன். "அதை விட்டுட்டு இங்க வாண்ணு எப்படிக் கூப்பிட?"

"கண்டாத்தானே பிடிக்கதுக்கு!" என்று கத்தினாள். அந்தச் சின்ன அறைக்கு அது பெரிய சத்தம். இத்தனை வருஷம் குசுகுசுவென்று பேசிய குரல், இப்படி உரக்கக் கேட்டதும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஃபோனில் பேசாமல் இருப்போமே, அது மாதிரி இல்லை இது. அவள் மூக்கை உறிஞ்சினாள், முந்தானையால் துடைத்தாள். பிறகு, "இப்பம் சொல்லுங்க" என்றாள்.

"என்னத்த?"

"சொல்லவேண்டியத."

"நீ வா" என்றேன். "மதியாக்கிட்டு வா. எனக்கு ஒற்றைக்கு இருக்க முடியல."

அவ்வளவுதான். சொல்லிப் பார்த்தால் எவ்வளவு சின்னச் சொல். அவள் தலையை ஆட்டினாள். எழுந்து, என்னைக் கேட்காமலே டி.வி.யை அணைத்தாள். "போவோம், மீன்காரர் வாற நேரமாச்சு" என்றாள்.

ஆனால் உடனே வந்துவிட முடியாது. முறைப்படி எழுதிக்கொடுத்து, வேறு ஆள் வரும்வரை வேலை பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவளை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். மாசி பிறந்து ரப்பர் தளிர்த்தது. நான் டிஷ்ஷை மேற்கே திருப்பவில்லை. அதை நடுவானத்தைப் பார்த்து நிறுத்தி, மோட்டாருக்குக் கிரீஸ் போட்டு விட்டுவிட்டேன். பார்ப்பதற்கு இனி அங்கே என்ன இருக்கிறது? உண்மையைச் சொன்னால், அந்த மாதங்கள்தான் எல்லாவற்றிலும் தனிமையானவை. முன்பெல்லாம் மத்தியானத்தைக் கடத்த ஓர் ஊராவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பெட்டிகள் இரைவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஃபோன் வரும். "உனக்குக் கால்வலி எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொறஞ்சுதா?" என்று கேட்பேன். கேட்கப் பழகுவதற்கு எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. அவள் சொல்லப் பழகுவதற்கும்.

வைகாசியில் ஒரு மத்தியானம், கண்ட்ரோல் ரூமில் இருந்தபோது அவள் ஃபோன் வந்தது. வழக்கமில்லாத நேரம். எடுத்ததும் காற்றிரைச்சல்.

"கேக்குதா? நான் ஏர்போர்ட்டுக்குப் போய்ட்டிருக்கேன். கூட வேல பாக்க பிள்ளைக்க மாப்பிள காரில கொண்டு விடுதாரு. நான் முன்னால இருக்கேன், கண்ணாடிய எறக்கிட்டேன், ஒரே சூடு. ஆனா ஏத்தமாட்டேன்." குசுகுசுப்பே இல்லை. தெருவில் நின்று கூப்பிடுகிற மாதிரி பேசினாள். "கேட்டியளா, இந்த ஊருல கடலு இருக்கு! ரோட்டுக்கு ஒட்டியே வருவு. பச்சக் கலருல. இவ்வளவு நாளு இது இங்கதான் இருந்திருக்கு, எனக்குத் தெரியல. அங்க என்னவோ கூம்பு மாதிரி, நீலத்தில உருண்ட உருண்டயா மினுங்குவு, அய்யோ, பாக்க எவ்வளவு நல்லா இருக்கு..."

அவள் எந்தச் சாலையில் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வளைவில் எது வரும், அதற்கடுத்து எது வரும் என்றும் தெரியும். அந்த நீல உருண்டைகளை எத்தனை மத்தியானம் பார்த்திருக்கிறேன். பெயரும் தெரியும், உள்ளே என்ன இருக்கிறதென்றும் தெரியும்.

அவள் பேச்சை நிறுத்தினாள். "நீங்க இதெல்லாம் டி.வி.ல கண்டிருப்பியளே" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இல்ல பிள்ளே" என்றேன். "இதெல்லாம் ஒருநாளும் காட்டல. நீ சொல்லு."